கோட்டை வாசல் எழுத்துகளைப் பார்க்க ஒரே ஒரு பயணம் என்றால் எந்த ஊர்?

பழைய இஸ்லாமிய நகரங்களின் மதில் வாசல்களில் செதுக்கியிருக்கும் எழுத்துகளைப் பார்க்க வேண்டும், ஆனால் காசும் லீவும் ஒரே ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்குத்தான் இருக்கிறது என்றால் எங்கே போவது? நான்கு ஊர்களை எடுத்துக்கொள்கிறேன்: எகிப்தில் கெய்ரோ, ஸ்பெயினில் கிரனாடா, மொராக்கோவில் மராகேஷ், துருக்கியில் தியார்பக்கிர். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை போகிறவருக்குக் கெய்ரோதான். ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது. கூட யார் வருகிறார்கள், அரபு எழுத்து எவ்வளவு வாசிக்க வரும், வெயிலில் எத்தனை கிலோமீட்டர் நடக்க முடியும் என்பதைப் பொறுத்து மற்ற மூன்றில் ஒன்று உங்களுக்கு இன்னும் நல்லதாக அமையலாம்.

அதற்கு முன் ஒரு விஷயம். பள்ளிவாசலுக்குள் இருக்கும் எழுத்தும் நகர வாசலில் இருக்கும் எழுத்தும் ஒன்றல்ல. பள்ளிவாசலுக்குள் தொழ வந்தவர் நிதானமாக உட்கார்ந்து பார்ப்பார். நகர வாசலிலோ சரக்கோடு வந்த வியாபாரி, வேறு மதத்துக்காரர், அயல்நாட்டுத் தூதர், முற்றுகையிட வந்த படை என்று எல்லோரும் அந்த எழுத்துக்குக் கீழேதான் வந்து நிற்க வேண்டும், அவர்களில் பெரும்பாலோருக்கு வாசிக்கவே தெரிந்திருக்காது. இருந்தும் அவ்வளவு உயரத்தில், அவ்வளவு செலவு செய்து எழுதினார்கள். இந்த ஊர் யாருடையது, எந்த நம்பிக்கையின் கீழ் இருக்கிறது என்று வெளியே நிற்பவனுக்குச் சொல்லத்தான். பட்டங்கள், வெற்றிகள், ஆட்சியாண்டு என்று போகும் நம் மெய்க்கீர்த்திகளைப் படித்தவர்களுக்கு இந்தத் தொனி உடனே பிடிபடும். அதனால் நான் ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: அன்றைக்கு அந்த வாசலில் நுழைந்தவன் தலையை நிமிர்த்திப் பார்த்ததை இன்றைக்கு நாமும் அதே இடத்தில் நின்று பார்க்க முடிகிறதா? அழகு எனக்கு அதற்கு அடுத்ததுதான்.

சரி, கெய்ரோ.

969இல் ஃபாத்திமியர்கள் என்ற ஷியா வம்சத்தார் உருவாக்கிய நகரம் அது. இன்று நிற்கும் கல் வாசல்கள் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியவை. கலீஃபா அல்முஸ்தன்ஸிருக்கு வஸீராக, அதாவது முதலமைச்சராக, இருந்த பத்ர் அல்ஜமாலி என்ற ஆர்மீனியத் தளபதி 1087க்கும் 1092க்கும் இடையில் மதிலை விரிவாக்கிக் கட்டினார். அவர் கட்டியதில் மூன்று வாசல்கள் மிச்சம்: வடக்கே பாப் அந்நஸ்ர், பாப் அல்ஃபுதூஹ், தெற்கே பாப் ஸுவைலா. வடக்கு வாசல்கள் இரண்டுக்கும் நடுவில் அல்ஹாகிம் பள்ளிவாசல் இருக்கிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சில நிமிட நடைதான்.

எழுத்துக்காக நின்று பார்க்க வேண்டியது பாப் அந்நஸ்ர், அதாவது வெற்றி வாசல். கட்டியவர் வைத்த பெயர் பாப் அல்இஸ், கீர்த்தி வாசல். ஆனால் அதற்கு முன் இருந்த வாசலின் பழைய பெயரையே மக்கள் விடாமல் சொல்லிச் சொல்லி அதுவே நிலைத்துவிட்டது. இரண்டு பக்கமும் கனத்த சதுரக் கோபுரங்கள், அவற்றில் புடைப்பாகச் செதுக்கிய கேடயங்கள். வாசலுக்கு மேலே கூஃபி என்ற கோணலான பழைய அரபு எழுத்தில் கலிமா, அதாவது அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை, முஹம்மது அல்லாஹ்வின் தூதர் என்ற உறுதிமொழி. அதற்கும் மேலே கோபுரங்களைச் சுற்றி ஒரு நீண்ட எழுத்துப் பட்டை ஓடுகிறது, கலீஃபாவின் பெயர், வஸீரின் பட்டங்கள், இஸ்லாமிய ஆண்டுக்கணக்கில் ஹிஜ்ரி 480 (1087-88) என்ற ஆண்டு எல்லாம் அதில்தான்.

அந்தக் கலிமாவை விட்டு என்னால் சீக்கிரம் நகர முடியாது. முஹம்மது அல்லாஹ்வின் தூதர் என்பதோடு அது முடியவில்லை, "அலிய்யுன் வலிய்யுல்லாஹ்" என்று தொடர்கிறது, அலி அல்லாஹ்வின் நேசர் என்ற ஷியாக்களின் சேர்க்கை. ஃபாத்திமியர் ஆட்சி 1171இல் முடிந்தது. அப்புறம் அய்யூபியர், மம்லூக்குகள், உஸ்மானியர் என்று வந்த அரசுகள் எல்லாம் சுன்னி அரசுகள். தலைநகரின் பிரதான வாசலில் தங்கள் கொள்கைக்கு ஒத்துவராத ஒரு வரி நூற்றாண்டுக் கணக்காக நின்றிருக்கிறது, யாரும் உளியை எடுத்துக் கொத்திவிடவில்லை. கூஃபியை வாசிக்கக்கூடியவர்கள் நாளாக ஆகக் குறைந்துபோனதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஏனென்றால் கூஃபி அவ்வளவு கஷ்டம். சின்ன வயதில் மதரஸாவில் குர்ஆன் ஓதிப் பழகியவர்கள்கூட இங்கே வந்து திகைத்து நிற்பார்கள், ஓதப் பழகிய எழுத்தில் புள்ளியும் உண்டு, உயிர்க்குறியும் உண்டு. இங்கே இரண்டும் கிடையாது. சொல்லின் நடுவில் வரும் ஒரு சிறிய பல் பா-வாக இருக்கலாம், தா-வாக இருக்கலாம், நூன் ஆகவோ யா-வாகவோ இருக்கலாம், சூழலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். புள்ளி இல்லாத தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தத் திண்டாட்டம் புதிதல்ல, மெய்யா உயிர்மெய்யா, எகரமா ஏகாரமா என்று அங்கே செய்வதைத்தான் இங்கே வேறு எழுத்தில் செய்கிறோம். உண்மையில் கல்வெட்டு வாசித்த அனுபவம் உள்ளவர், அரபு சரளமாகத் தெரிந்தும் கல்லைப் பார்த்திராதவரைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

கெய்ரோவை முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணம், எழுத்தே மாறிய கதையை ஒரே ஊரில் பார்க்கலாம் என்பது. பாப் அந்நஸ்ரிலிருந்து தெற்கே போனால் முகத்தம் குன்றுக்கு அடியில் அய்யூபிய சுல்தான் ஸலாஹுத்தீன் கட்டத் தொடங்கிய கோட்டை. அதன் பழைய வாசலான பாப் அல்முதர்ரஜில் ஹிஜ்ரி 579 (1183-84) என்று ஆண்டு போட்ட அடித்தளக் கல்வெட்டு இருக்கிறது. ஸலாஹுத்தீனின் பட்டங்கள், தம்பி அல்ஆதிலின் பெயர், கட்டுமானத்தை மேற்பார்த்த அமீர் கராகூஷின் பெயர் எல்லாம் அதில் வருகின்றன. எழுத்து கூஃபி இல்லை, வளைந்து ஓடும் நஸ்க். கோணல் இல்லாமல், கையால் தாளில் எழுதுகிற மாதிரி. நூறு வருஷ இடைவெளியில் ஆட்சி மாறியது, மத்ஹபு (மதப் பிரிவு) மாறியது, வாசலில் இருக்கும் எழுத்தின் முகமும் மாறிவிட்டது. இந்த ஒரு மாற்றத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் மற்ற ஊர்களின் வாசல்களைத் தேதி தெரியாமலே ஓரளவு காலம் கணிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். (அந்த வாசல் வரை போக அன்றைக்கு அனுமதி உண்டா என்று கோட்டையில் நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.)

பாப் அந்நஸ்ரில் இன்னொரு அடுக்கும் உண்டு. 1798இல் நெப்போலியனின் படை வந்தபோது பிரெஞ்சு அதிகாரிகளின் பெயர்களை இந்தக் கோபுரங்களில் செதுக்கி வைத்தார்கள். மதிலுக்குள்ளேயோ ஃபாரோ காலத்துக் கற்கள், பழைய கட்டடங்களிலிருந்து பெயர்த்து வந்து அடுக்கியவை, சிலவற்றில் சித்திர எழுத்து அப்படியே தெரிகிறது. வாசலைப் பிடித்தவர்கள் எல்லோரும் அதில் எழுதியிருக்கிறார்கள், அல்லது எழுதிய கல்லைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. பட்டை நல்ல உயரத்தில் இருக்கிறது, பைனாகுலர் இல்லாமல் போனால் பாதி ஏமாற்றம்தான். முகப்பு வடக்குப் பார்த்தது என்பதால் வருஷத்தின் பெரும்பகுதி அதில் நேரடி வெயில் படாது, நிழலில் புடைப்பு எழுத்து சப்பையாகத் தெரியும். தூசி, நெரிசல், ஹார்ன் சத்தம் எல்லாம் கூடவே வரும். பாப் அல்ஃபுதூஹுக்கு எழுத்துக்காகப் போகாதீர்கள், அதன் உருண்டைக் கோபுரங்களும் வளைவைச் சுற்றிய செதுக்கு வேலையும் பிரமாதம், ஆனால் அது வேறு ரசனை.

கிரனாடா இதற்கு நேர் எதிர். அங்கே எழுத்து இல்லாத இடத்தைத்தான் தேட வேண்டும். அல்ஹம்ப்ரா வளாகத்தில் ஆய்வாளர்கள் கணக்கெடுத்த எழுத்துப் பொறிப்புகள் சுமார் 10,000. அவற்றில் பெரும்பகுதி அரண்மனைச் சுவர்களின் சுதை வேலையில் திரும்பத் திரும்ப வரும் வாசகங்கள், "வ லா காலிப இல்லல்லாஹ்", அல்லாஹ்வைத் தவிர வெல்பவன் எவனுமில்லை என்ற நஸ்ரி வம்சத்தின் குறிச்சொல்தான் அதில் முக்கியமானது. பார்க்கப் பார்க்கத் திகட்டாது. ஆனால் நாம் வந்தது கோட்டை வாசலுக்காக, அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டே வாசல்கள்.

ஒன்று நீதி வாசல் என்று இன்று அழைக்கப்படும் பாப் அஷ்ஷரீஆ. நஸ்ரி அரசர் முதலாம் யூசுஃப் கட்டியது. வெளி வளைவின் உச்சிக்கல்லில் ஒரு கை, உள் வளைவில் ஒரு சாவி, இவற்றுக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். தூண் தலைப்புகளில் கலிமா. உள் வளைவுக்கு மேலே நீளமான அடித்தளக் கல்வெட்டு. அதில் வாசலின் பெயரே வருகிறது, இந்த வாசலால் இஸ்லாத்தின் ஷரீஆவை அல்லாஹ் மேலோங்கச் செய்யட்டும் என்று பெயரை வைத்தே பிரார்த்தனையும் பண்ணியிருக்கிறார்கள். ஆண்டு ஹிஜ்ரி 749, நபி பிறந்த மாதம், நம் கணக்கில் 1348 ஜூன். ஐரோப்பா முழுவதும் கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்த வருஷம் அது, அண்டலூசியாவையும் விடவில்லை. ஆறு வருஷம் கழித்து அதே யூசுஃப் தொழுதுகொண்டிருக்கும்போது குத்திக் கொல்லப்பட்டார். அந்த எழுத்தின் நிதானத்தைப் பார்த்தால் இதில் எதுவும் தெரியாது.

அந்தக் கல்வெட்டுக்கு நேர் மேலே ஒரு மாடம், அதில் கன்னி மரியாளும் குழந்தையும். 1492இல் நகரத்தைப் பிடித்த கத்தோலிக்க அரசர்கள் வைத்தது, மாடம் வைப்பதற்காக அங்கிருந்த ஓட்டு வேலையைச் சிதைத்திருக்கிறார்கள். இப்போது இருப்பது நகல், மூலச்சிலை அருங்காட்சியகத்தில். கல்வெட்டை மட்டும் விட்டுவிட்டார்கள். தோற்றவரின் வாசகமும் வென்றவரின் சிலையும் ஒரே சட்டத்துக்குள், ஒன்றின் மேல் ஒன்றாக. புகைப்படத்தில் எத்தனை தடவை பார்த்திருந்தாலும் கீழே போய் நிற்கும்போது நெஞ்சில் ஏதோ அடைக்கும்.

இரண்டாவது, உள்ளே மேட்டில் இருக்கும் மது வாசல். ஐந்தாம் முஹம்மதின் பெயர் வரும் எழுத்துப் பட்டை அதன் மேற்கு முகத்தில். சின்ன வாசல், அழகான வாசல்.

கிரனாடாவின் பெரிய வசதி, இந்த இரண்டு வாசல்களுக்கும் டிக்கெட் வேண்டாம். அரண்மனைகளுக்கான நேரம் குறித்த டிக்கெட் முன்கூட்டியே தீர்ந்துபோகும், அதை எண்ணி இங்கே போகாமல் இருந்துவிடாதீர்கள், நீதி வாசல் வழியாக ஏறி மது வாசல் வரை யாரும் சும்மா நடக்கலாம். செலவு அதிகம், ஷெங்கன் விசா வேண்டும். ஆனால் குடும்பத்தோடு போகிறீர்கள், அவர்களுக்குக் கல்வெட்டில் ஆர்வமே இல்லை என்றால் தயங்காமல் கிரனாடா, நீங்கள் ஒரு மணி நேரம் வாசலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால் அவர்களுக்கு அலுக்காத ஒரே ஊர் இந்த நான்கில் இதுதான். எனக்கு இருக்கும் குறை ஒன்றே ஒன்று. அங்கே எல்லாம் துடைத்துச் சுத்தமாக இருக்கிறது, ஊர் ஜனங்கள் காய்கறிப் பையோடு அந்த வாசல் வழியாகப் போவதில்லை. பாப் ஸுவைலாவில் இன்றைக்கும் போகிறார்கள்.

மராகேஷைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அங்கே பார்க்க வேண்டியது ஒரே வாசல். பாப் அக்னாவ், 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் முவஹ்ஹித் வம்சத்துக் கலீஃபா யஅகூப் அல்மன்ஸூர் காலத்தில் அரச கஸ்பாவுக்கு, அதாவது கோட்டைப் பகுதிக்கு, கட்டியது. நகர மதில் முழுக்கச் செம்மண்ணை இடித்துக் கட்டியது, இந்த வாசல் மட்டும் நீலச்சாம்பல் கலந்த கல்லில். வளைவுக்கு மேல் வளைவாக விரிந்து போகும் செதுக்கு, அதைச் சுற்றிச் சட்டம் போட்ட மாதிரி கூஃபி எழுத்து. அரசனின் பெயர் கிடையாது, பட்டம் கிடையாது. குர்ஆனின் அல்ஹிஜ்ர் அத்தியாயத்திலிருந்து வசனங்கள் மட்டும்: அமைதியோடு, அச்சமற்றவர்களாக இதில் நுழையுங்கள். குர்ஆனில் அது சொர்க்கத்துக்குள் போகும் நல்லவர்களைப் பார்த்துச் சொல்லப்படுவது, அதை ஓர் அரசனின் கோட்டை வாசலில் எடுத்து வைத்திருக்கிறார்கள். பத்ர் அல்ஜமாலி தன் பெயரை நீட்டி எழுதினார் என்றால் இவர்கள் பெயரையே போடாமல் அதைவிடப் பெரிய ஒன்றைச் சொல்லிவிட்டார்கள். தனி ஒரு வாசல் என்று பார்த்தால் நான்கு ஊரிலும் எனக்குப் பிடித்தது இதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். ரபாத்துக்கும் ரயிலில் போய் உதாயா கஸ்பாவின் பெரிய வாசல், பாப் அர்ருவாஹ், ஷெல்லாவில் 1339ஆம் ஆண்டு போட்ட மரீனி வம்சத்து வாசல் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டால்தான் மொராக்கோ பயணம் நிறையும். அதற்கு நேரம் இருப்பவர்கள் மொராக்கோவை எடுங்கள்.

தியார்பக்கிர். இங்கேதான் என் மனசு தடுமாறுகிறது.

தைகிரிஸ் ஆற்றுக்கு மேலே 5.8 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரிய பசால்ட் மதில், 82 கோபுரங்கள். 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது மதிலில் 63 கல்வெட்டுகள் என்று குறித்தார்கள். பழைய பெயர் ஆமித். மற்ற மூன்று ஊர்களிலும் வாசல் வாசலாகப் பார்க்கிறோம், இங்கே மதிலே ஒரு நீண்ட ஏடு. வடக்கே தாக் கபி, அதாவது மலை வாசல், அதில் நான்காம் நூற்றாண்டு ரோமப் பேரரசர்களின் பெயர் உள்ள லத்தீன் கல்வெட்டு இருக்கிறது, கிரேக்கம் இருக்கிறது, அப்பாஸிய கலீஃபா அல்முக்ததிரின் ஹிஜ்ரி 297 (909-10) கூஃபிக் கல்வெட்டும் இருக்கிறது. இந்த முக்ததிரின் தகப்பனார் அல்முஅததித் தான் 899இல் ஊரைப் பிடித்து மதிலை இடிக்கச் சொன்னவர். பத்து வருஷம் கழித்து மகன் கட்டித் தன் பெயரைப் போட்டிருக்கிறார். தெற்கே மார்தின் வாசலிலும் அதே ஆண்டு.

மேற்கே உர்ஃபா வாசலில் ஹிஜ்ரி 579. கெய்ரோவில் ஸலாஹுத்தீன் கோட்டையில் பார்த்தோமே, அதே ஆண்டு. தற்செயல் இல்லை. அந்த வருஷம்தான் ஸலாஹுத்தீன் ஆமிதைப் பிடித்து அர்துகித் வம்சத்து முஹம்மதிடம் கொடுத்தார், கையில் கிடைத்த ஊரின் வாசலில் முஹம்மது உடனே தன் பெயரை வெட்டிவிட்டார், மேலே ஒரு காளைத்தலை, அதன் மேல் கழுகு. அப்புறம் நூர் புர்ஜு என்ற கோபுரம், ஸெல்ஜுக் சுல்தான் மலிக் ஷா பெயரில் 1089இல் கட்டியது, எழுத்தைச் சுற்றிலும் விலங்கு உருவங்கள். கட்டியவர் பெயர் ஸலாமாவின் மகன் முஹம்மது, ருஹாவி, அதாவது உர்ஃபாக்காரர். கெய்ரோவின் மூன்று வாசல்களையும் உர்ஃபாவிலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் கட்டினார்கள் என்று வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸி எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் இடையில் இரண்டே வருஷம். ஓர் ஊரின் கல்தச்சர்கள் எவ்வளவு தூரம் போய் வேலை செய்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கலீஃபாக்களின் பட்டங்கள் எல்லாம் சின்னதாகிவிடுகின்றன.

தென்மேற்குப் பக்கம் 1208இல் கட்டிய இரண்டு மாபெரும் உருண்டைக் கோபுரங்கள், உலு பெதென், யெதி கர்தேஷ். இடுப்பில் ஒட்டியாணம் கட்டிய மாதிரி கோபுரத்தைச் சுற்றி எழுத்துப் பட்டை, அதோடு இரட்டைத்தலைக் கழுகு, சிங்கங்கள். உலு பெதெனில் கட்டியவர் பெயர் ஜஅஃபரின் மகன் இப்ராஹீம். இங்கே பட்டையைப் படிக்க நீங்கள் நடந்தே ஆக வேண்டும், ஒரே இடத்தில் நின்றால் வாக்கியம் வளைந்து மறைந்துவிடும்.

இவ்வளவு இருந்தும் முதல் தடவைக்கு இதை ஏன் சொல்லவில்லை? கறுப்புக் கல்லில் கறுப்பு எழுத்து. பழகாத கண்ணுக்கு நண்பகலில் ஒன்றுமே தெரியாது, காலை மாலைச் சாய்ந்த வெளிச்சம் வேண்டும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் அந்த இரண்டு வேளைகளுக்காகக் காத்திருக்க வேண்டும், அதனால் ஏப்ரல், மே அல்லது அக்டோபர் பாருங்கள். 2015-16இல் உள்நகரில் நடந்த சண்டையில் பழைய தெருக்கள் நிறைய அழிந்தன, மதிலில் பழுதுபார்க்கும் வேலைகள் நடந்துவந்திருக்கின்றன, நீங்கள் போகும்போது சில கோபுரங்கள் சாரத்துக்குள் இருக்கலாம். கூஃபி ஓரளவு பிடிபட்ட பிறகு போனால் இந்த ஊர் கொடுப்பதை வேறெந்த ஊரும் கொடுக்காது, பிடிபடாமல் போனால் ஆறு கிலோமீட்டர் கறுப்புச் சுவர்.

ஜெரூசலத்தை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்பீர்கள். சுலைமான் 1537க்கும் 1541க்கும் இடையில் கட்டிய மதிலில் ஆண்டு போட்ட கல்வெட்டுகள் நிறைய உண்டு, அதிலும் யாஃபா வாசலின் உள்ளே "லா இலாஹ இல்லல்லாஹ், இப்ராஹீம் கலீலுல்லாஹ்" (அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை, இப்ராஹீம் அல்லாஹ்வின் நண்பர்) என்று இருப்பது மூன்று மதத்தாரும் ஒத்துக்கொள்ளும் ஒரு பெயரைத் தேடி எடுத்து வைத்த மாதிரி இருக்கும். நிம்மதியாகப் போய் நின்று பார்க்கும் நிலைமை வரட்டும் என்றுதான் பட்டியலில் சேர்க்கவில்லை. அலெப்போவும் அதே கதை, 2023 நிலநடுக்கத்தில் கோட்டையும் அடிபட்டது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கெய்ரோவுக்கு நான்கு நாள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்னால் கூஃபி எழுத்துகளை, முழு அரிச்சுவடி வேண்டாம், கலிமாவில் வரும் எழுத்துகளை மட்டும் கையால் எழுதிப் பழகுங்கள். மே அல்லது ஜூனில் போனால் விடிந்ததும் வடக்கு முகத்தில் சாய்வாகக் கொஞ்ச நேரம் வெயில் படும், அந்த நேரத்தில் பாப் அந்நஸ்ருக்கு வெளியே, மதிலை விட்டுத் தள்ளி நில்லுங்கள். பைனாகுலரை நேராகப் பட்டைக்குக் கொண்டுபோகாமல் முதலில் வாசலுக்கு மேலே இருக்கும் கலிமாவில் வையுங்கள். அலிஃப், அடுத்தடுத்து இரண்டு லாம், கடைசியில் ஹா: "அல்லாஹ்" என்ற சொல் பல இடங்களில் கிடைக்கும். அதைப் பிடித்துக்கொண்டு மற்ற சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி வாருங்கள், ஐன், லாம், யா என்ற மூன்றே எழுத்தில் "அலி" அகப்படும் வரை.